ஆயர் ஈத்தாம் பானையும் என் இரண்டு கைகளும்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில், உயிருக்குப் போராடுகிறவர்களை வைக்கும் சிவப்பு மண்டலத்தில், நெஞ்சு நின்றுபோன ஒரு மனிதரைச் சுற்றி ஆறு பேர் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிரிவுக்குத் தலைவியான நான், சுவரோரமாக ஒரு மண் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பானை நிறையத் தண்ணீர். இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாது.

என் பக்கத்தில் மேலிடத்திலிருந்து வந்த ஆய்வுக் குழுப் பெண்மணி ஒருவர் கோப்பும் பேனாவுமாக நின்றிருந்தார். அவர் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பானையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், இது எதற்கு டாக்டர் என்று மலாய் மொழியில் கேட்டார்.

என் கையைக் கட்டிப்போடுவதற்கு என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பைத்தியம் என்று எழுதியிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

போன வாரம் வரைக்கும் இந்தத் தொடரில் நான் செய்த காரியங்களாகவே எழுதி வந்திருக்கிறேன். படித்தேன், பரீட்சை எழுதினேன், பிழைக்க வைத்தேன் என்று ஒரே 'நான்' மயம். என் வீட்டுக்காரரே பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் குறைச்சுக்கோ என்றார். சரி, இந்த வாரம் நான் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். என் உத்தியோகத்தில் நான் அதிகம் பெருமைப்படுவது அதற்காகத்தான் என்பதால், 'நான்' எப்படியும் உள்ளே வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு பிடிக்கும் கை

முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நரம்பு பிடிக்கும் கை. கைக்குழந்தை, ரத்தமெல்லாம் வற்றிப்போன கிழவர், டெங்கிக் காய்ச்சலில் கை வீங்கியவர் யாராக இருந்தாலும், விரலை வைத்துத் தடவினால் எங்கே ஊசி போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரே குத்து.

மற்ற வார்டுகளிலிருந்தெல்லாம் ஆள் அனுப்புவார்கள். நான் போவேன். வேலை முடிந்ததும் அங்கிருக்கும் நர்சுகள் ஒரு பெருமூச்சு விடுவார்கள் பாருங்கள், அதைக் கேட்பதற்காகவே போவேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இது அப்பா கொடுத்த சொத்து. சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் டிரஸர். தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, தையல் போடுவது எல்லாம் அவர்தான். டிரஸரய்யா கை பட்டா போதும் என்று தோட்டமே சொல்லும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெள்ளைச் சட்டையில் அவர் நடந்து போகும்போது, பூசைக்கு வருகிற சாமியாரைவிட இவருக்குத்தான் அதிகம் பேர் வணக்கம் சொல்வார்கள். நான் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, அந்த வணக்கத்தில் பாதி எனக்கு என்பதுபோல் நடப்பேன்.

கையெழுத்து இல்லாத காகிதங்கள்

நான் பிரிவுத் தலைவியாகி இரண்டு மூன்று வருடம் இருக்கும். முகக்கவசம் கட்டாயம் என்ற காலம் முடிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் மறுபடியும் பார்க்க ஆரம்பித்திருந்த சமயம். பயிற்சி டாக்டர்கள் தங்கள் மேலதிகாரிகளைப் பற்றிக் கருத்து எழுதித் தர வேண்டும், பெயர் போட வேண்டியதில்லை என்று ஒரு புது ஏற்பாடு வந்தது.

ஹவுஸ்மேன் என்று நாங்கள் சொல்கிற இந்தப் பயிற்சி டாக்டர்கள் படிப்பை முடித்துவிட்டு நேராக வருகிற பிள்ளைகள். நான் அவர்களைத் திட்டியதில்லை. பசித்தால் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதனால் நல்ல வார்த்தைகளை எதிர்பார்த்துத்தான் உறையைப் பிரித்தேன்.

நல்ல வார்த்தைகளும் இருந்தன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட காகிதங்களில் ஒரே விஷயம் வேறு வேறு மாதிரி எழுதியிருந்தது. ஒன்றில் மட்டும் பட்டென்று இருந்தது: டாக்டர் ரெஜினா உள்ளே வந்தால் நாங்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

எனக்குச் சுருக்கென்றது. யார் எழுதியது என்று எழுத்தின் சாயலை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு ஆரோக்கியத்திடம் போனேன்.

ஆரோக்கியம் எங்கள் மெடிக்கல் அசிஸ்டண்ட். டாக்டருக்கும் நர்சுக்கும் நடுவில் நின்று பாதிப் பிரிவைத் தாங்குகிற ஆள். என் வயதுதான். நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் அந்த மருத்துவமனைக்கு வந்தவர்கள், என்னைக் கேலி பண்ணுவதற்கு அவருக்கு மட்டும் நிரந்தர அனுமதி உண்டு. காகிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"யாரு எழுதினதுன்னு தேடாதீங்க டாக்டர்," என்றார். "எனக்கு யாரும் பேப்பர் குடுக்கல லா. குடுத்திருந்தா நானும் இதத்தான் எழுதியிருப்பேன்."

அன்றைக்கு முழுக்க அவரிடம் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பிரிவில் இளம் டாக்டர்களுக்குத் தலைமை ஏற்று நடத்தும் வாய்ப்பே கிடைப்பதில்லை, ஆறு மாதத்தில் ஆய்வுக் குழு வரும், திருப்தி இல்லையென்றால் பயிற்சி இடம் என்ற அங்கீகாரம் போய்விடும் என்று எழுதியிருந்தது. எங்களைப் போன்ற சின்ன ஊருக்கு இது பெரிய இடி. ஹவுஸ்மேன் வராவிட்டால் ஆளில்லை. ஆளில்லாவிட்டால் பாதிக் கேஸ்களை மூவாருக்கோ இன்னும் தூரத்துக்கோ ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும். வழியிலேயே போய்விடக்கூடியவர்களை நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தின் கடைசி வரியில், பிரிவுத் தலைவர் மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றும் இருந்தது. எனக்குத் தலைமைப் பயிற்சி. அதுவும் அந்த வயதில்.

என் முதுகு

ஜொகூர் பாருவில், சிங்கப்பூர்ப் பாலத்தின் வண்டி நெரிசல் ஜன்னலில் தெரிகிற ஒரு ஹோட்டலில் பயிற்சி நடந்தது. முதல் நாள் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். எலும்பு டாக்டர் ஒருவரும் நானும் யார் உச்சியில் ஒட்டுவது என்று சண்டை போட்டதில் கோபுரம் விழுந்தது. இரண்டாம் நாள் குணத்துக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். எனக்குச் சிவப்பு வந்தது, எல்லாவற்றையும் தானே செய்கிற ஆளாம். அதை ஆரோக்கியத்துக்குச் செய்தியாக அனுப்பினேன். இதற்கு எதற்கு ஹோட்டல் என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள்தான் பிடிபட்டேன்.

ஒரு ரப்பர் பொம்மையை நோயாளியாகப் படுக்க வைத்து, என்னைக் குழுத் தலைவராக நிற்கச் சொல்லி, ஒரு கேஸை நடத்தச் சொன்னார்கள். நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைத்தேன். பிறகு அதைப் படம் பிடித்ததைத் திரையில் போட்டார்கள். கேமராவைப் படுக்கையின் கால்மாட்டில், தலைவர் நிற்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தார்கள்.

படம் முழுக்க என் முதுகு. பொம்மையின் கையில் குனிந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கும் என் முதுகு. எனக்குப் பின்னால் ஒருவர் ஆக்சிஜன் குழாய் கழன்று கிடக்கிறது என்று இரண்டு தடவை சொல்கிறார். அது என் காதில் விழவேயில்லை. ஒருவர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா என்று கேட்க என் முகம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறார். ஊசி மட்டும் ஒரே குத்தில் போயிருந்தது.

பயிற்றுநர் விளக்கைப் போட்டுவிட்டுத் தேநீருக்கு அனுப்பிவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில், நான் ரொம்ப காலமாகப் பெருமையாகச் சொல்லிவந்த ஒரு கதை ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு தடவை அப்பா ஏதோ கூட்டத்துக்காக இரண்டு நாள் ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தார். அப்போது ரப்பர்ப் பால் மரம் சீவுகிற ஒருவருக்குக் கத்தி தவறிப் பெருவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. டிரஸர் இல்லையே என்று காலையிலிருந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, சட்டையைக்கூட மாற்றாமல் தையல் போட்டார். அப்பா இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்பதற்கு நான் சொல்லும் உதாரணம் இது. கல்லூரியில் சொல்லியிருக்கிறேன். என் கல்யாணத்தில்கூட யாரிடமோ சொன்னேன்.

அந்தக் கதையில் இன்னொருவர் உண்டு. அவரை நான் சொல்வதில்லை. அப்பாவிடம் பல வருடம் வேலை செய்த உதவியாளர், அன்றைக்கு முழுக்க அந்த பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆயிரம் தையலைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஒன்றைக்கூடப் போட அப்பா விட்டதில்லை. அடிபட்டவருடைய பெருவிரல் அதற்கப்புறம் மடங்கவேயில்லை. காலையிலேயே தைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் வேறு மாதிரி சொல்லித் தரவில்லை. ஆனால் என் முதுகை நான் பார்த்துவிட்டேனே.

வழியில், பானைக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமில் காரை நிறுத்தினேன். பசி, எரிச்சல், இரண்டும் சேர்ந்திருந்தன. சாலையோரப் பானைக் கடையில், எதற்கு என்று தெரியாமலே ஒரு பானையை எடுத்தேன். பூப்போட்டு மினுமினுத்ததெல்லாம் பிடிக்காமல், வெறும் மண் நிறத்தில் வாய் குறுகிய ஒன்று. திங்கட்கிழமை அதை அலுவலக அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு சொட்டு சிந்தக்கூடாது

ஆறு மாதத்தில் எங்கள் பிரிவை மாற்ற வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை பொம்மையை வைத்து ஒத்திகை, அதில் இளையவர்களில் ஒருவர்தான் தலைவர் என்று ஏற்பாடு செய்தேன். முதல் ஒத்திகைக்கு யாழினியைத் தலைவியாகப் போட்டேன்.

யாழினி எங்கள் மெடிக்கல் ஆபீசர்களில், அதாவது ஹவுஸ்மேன் பயிற்சியை முடித்த இளம் டாக்டர்களில், ஒருத்தி. மூவார்க்காரி. அப்பா அங்கே நாற்காலி மேசை செய்கிற ஆலையில் வார்னிஷ் பூசுகிறவர். வாயாடி. சாப்பாட்டு மேசையில் அவள் இருந்தால் மற்றவர்களுக்குப் பேச இடம் கிடைக்காது. ஆனால் சிவப்பு மண்டலத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் படுக்கையின் கால்மாட்டிலிருந்து ஓரடி பின்னால் போய்விடுவாள். எல்லோருமே அப்படித்தான் போவார்கள். அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை ஆரம்பித்தது. ஹக்கிம் என்ற ஹவுஸ்மேன் பொம்மையின் கையில் ஊசி போடத் திணறினான். எனக்குக் கை பரபரத்தது. எப்போது நகர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால் பொம்மையின் கை என் கையில் இருந்தது.

"பொம்மைக்குக்கூட விட்டுக் குடுக்க மாட்டீங்களா டாக்டர்?" என்றார் ஆரோக்கியம்.

ஹவுஸ்மேன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஆரோக்கியம் வெளியே போனார். என் அறையிலிருந்த பானையை எடுத்து, குழாயில் வழிய வழியத் தண்ணீர் பிடித்து, கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு கையாலயும் புடிங்க. அந்தச் சுவரோரமா நில்லுங்க. ஒரு சொட்டு சிந்தினா ஒத்திகைய மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

அந்த வாரம் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தோம். தரை துடைக்கிற அக்கா என்னை முறைத்தார். தண்ணீர் தேங்கினால் கொசு வருமே, நம் மருத்துவமனைக்கே சுகாதார இலாகா வந்து அபராதம் போட்டால் மானம் போய்விடும் என்று நர்சுகள் பானையை ஒவ்வொரு தடவையும் கவிழ்த்து வைத்தார்கள். எலும்புப் பிரிவிலிருந்து, பொங்கல் எப்போது என்று கேட்டு அனுப்பினார்கள்.

பிறகு நாங்களாகவே விதிகள் சேர்த்துக்கொண்டோம். கேட்டால் ஒழிய நான் வாயைத் திறக்கக்கூடாது. நோயாளிக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் பானையைக் கீழே வைக்கலாம். பானை கீழே போனால் அந்தக் கேஸ் என்னுடையது, தலைவர் விலகிக்கொள்ள வேண்டும். பொம்மைக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் உண்மைக் கேஸ்களுக்கும் வந்துவிட்டது. பல தடவை பானையைக் கீழே வைத்தேன். அவசியமாக வைத்ததைவிட அவசரப்பட்டு வைத்ததே அதிகம்.

கையைக் கட்டிப்போட்டதும் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. ஹக்கிம் ஒவ்வொரு மருந்தும் கொடுத்த நேரத்தைக் கையுறையின் மேலேயே எழுதிக்கொள்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நர்சுகள் இரண்டு மடங்கு வேகமாக வருகிறார்கள் என்பதும். இத்தனை வருடம் அதே அறையில்தான் நான் நின்றிருந்தேன்.

பொம்மை இறங்கியது

ஆய்வுக் குழு வந்த அன்று மதியத்துக்கு மேல் ஒத்திகை காட்டுவதாக ஏற்பாடு. பொம்மையைப் படுக்க வைத்தாயிற்று. யாழினி கால்மாட்டில் நின்றாள். நான் பானையோடு சுவரோரம். குழுவின் பெண்மணி என் பக்கத்தில் வந்து நின்ற அதே நிமிடம், வாசலில் ஒரு பிக்கப் வண்டி விடாமல் ஹார்ன் அடித்தது.

வந்தவர், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். ஐம்பதைத் தொடும் வயது. ஆலையில் எடை போட வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று கூட்டி வந்தவர்கள் சொன்னார்கள். பொம்மையைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டு அவரைப் படுக்க வைத்தார்கள். ஆரோக்கியம் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். தரையில் பொம்மை கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது.

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுபடியும் நோயாளி பக்கம் திரும்பிப் பெயர் சொல்லி வேலை பிரித்தாள். மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். நாடி வரவில்லை.

மருந்து போக வழி வேண்டும். ஹக்கிம் ஊசி போட்டான், போகவில்லை. மூத்த நர்ஸ் ஒருவர் மறு கையில் போட்டார், போகவில்லை. அந்த மனிதருக்கு உடம்பெல்லாம் சில்லிட்டு நரம்பு சுருங்கிவிட்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய கண்ணும் என் பக்கம் வந்தது. ஆரோக்கியத்தின் கண்ணும்தான்.

எனக்கு நரம்பு தெரிந்தது. அத்தனை தூரத்திலிருந்து, வலது முழங்கையின் உட்புறத்தில், மங்கலாக ஒரு கோடு. ஒரே குத்தில் போய்விடும் என்று என் விரலுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு மேசை இருந்தது. முழங்காலை மடக்கிப் பானையை அதை நோக்கி இறக்கினேன். மேசைக்கும் பானைக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இருந்திருக்காது.

"டாக்டர் ரெஜினா, பானைய கீழ வைக்காதீங்க," என்றாள் யாழினி.

சத்தம் போடவில்லை. சாப்பாட்டு மேசையில் குழம்புக் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்று சொல்கிற குரல். அடுத்த மூச்சிலேயே ஹக்கிமிடம் மலாயில், கையை விட்டுவிடு, எலும்பில் போடலாம், கருவியை எடு என்றாள்.

நரம்பு கிடைக்காதபோது முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள்ளேயே ஊசியை இறக்கி மருந்து கொடுக்கலாம். அந்தக் கருவியை வாங்கக் கையெழுத்துப் போட்டவளே நான்தான். ஒரு தடவைகூட நான் அதை உறையிலிருந்து எடுத்ததில்லை. என் கைதான் தோற்றதில்லையே. ஹக்கிம் எடுத்து, இடம் தடவிப் பார்த்து, இறக்கினான். சில விநாடிதான். மருந்து போனது. பாசார்ச் சந்தையில் கோழிக்கால் வாங்கி, யாழினியின் வாடகை வீட்டுச் சமையலறையில் அவளும் ஹக்கிமும் பல வாரமாக அந்த எலும்பில் ஊசி இறக்கிப் பழகியிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் ஆரோக்கியம் சொன்னார்.

இரண்டாவது மின்அதிர்ச்சிக்குப் பிறகு, கொஞ்ச நேரத்தில், திரையில் கோடு துள்ளியது. ஆரோக்கியம் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, இருக்கு என்றார்.

நான் போட்டிருந்தால் ஒரே குத்தில் போயிருக்கும். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் ஜொகூர் பாருவில் கூட்டத்தில் இருக்கும் நாளில் அந்த லோரிக்காரர் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதற்கு அன்று எனக்குப் பதில் கிடைத்தது.

யாழினி இன்னும் முடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், வெளிய அவரு சம்சாரம் ஒக்காந்திருக்காங்க. உயிர் இருக்கு, இன்னும் ஆபத்து தாண்டலன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா தாங்கிப்பாங்க."

ஆய்வுக் குழுவின் எதிரில் என் மெடிக்கல் ஆபீசர் எனக்கு வேலை கொடுத்தாள். சரி டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

குடம்

இங்கேதான் என் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, கையில் பானையோடு அப்படியே வெளியே போய்விட்டேன்.

பாக்கியம் என்று அந்த அம்மாவுக்குப் பெயர். கணவருடைய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்ததும் எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்ததைத்தான் பார்த்தார். மண் பானை. நிறையத் தண்ணீர்.

"கொடத்தக் கொண்டாந்துட்டீங்களா," என்றார். அப்படியே சரிந்தார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பமாக இருந்தாலும், எத்தனை சாவு வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதையும், சுடுகாட்டில் மகன் தோளில் குடத்தோடு சுற்றி வருவதையும் பார்த்திருக்கிறேன். மாதக் கணக்கில் அந்தப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு, ஒரு தமிழ்ப் பெண்ணின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ஆரோக்கியத்துக்கும் தோன்றவில்லை. இந்த மாதிரித் தப்பு எங்கள் இரண்டு பேருக்குத்தான் வரும்.

பானையைக் கீழே வைத்தேன். எங்கள் விதிப்படி இனி கேஸ் என்னுடையது. அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பாக்கியத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"உசுரு இருக்கும்மா. நெஞ்சு துடிக்குது. நான் கண்ணால பாத்துட்டுத்தான் வர்றேன். இன்னும் ஆபத்து இருக்கு, ஆனா துடிக்குது."

நான்கைந்து தடவை சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே பானைத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தேன். அவர் என் விரலை விடவேயில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நான் தேவைப்படவில்லை.

மறுபடியும் காகிதங்கள்

அங்கீகாரம் நிலைத்தது. குழுவின் அறிக்கையில் எங்கள் பிரிவின் பயிற்சி முறையைப் பாராட்டியிருந்தார்கள். கூடவே, மண் பானைக்குப் பதிலாகச் சுத்தமும் பாதுகாப்பும் உள்ள வேறு பொருளைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. இப்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பெரும்பாலும் கட்டு அவிழ்வதில்லை.

லோரிக்காரர் பிழைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து அவரும் பாக்கியமும் என்னைப் பார்க்க வந்தார்கள். பாக்கியம் பையிலிருந்து வேரோடு ஒரு மல்லிகைச் செடியை எடுத்து, அலமாரி மேலிருந்த பானையைக் கேட்டு வாங்கி, மண் போட்டு நட்டார். இனிமேல் இதில் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று சிரிக்காமல் சொன்னார். செடி எங்கள் வாசலில் இருக்கிறது. பூக்கிறது.

யாழினி, நிபுணர் பயிற்சிக்கு இடம் கிடைத்து, வேறு மாநிலம் போய்விட்டாள். அங்கே அவள் கால்மாட்டில் நிற்கும் படம் ஒன்றை அனுப்பினாள். படத்தில் அவள் முகம் தெரிகிறது.

அந்த வருடக் கடைசியில் ஹவுஸ்மேன்களின் காகிதங்கள் மறுபடியும் வந்தன. பெயர் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஒன்றில், மறக்க முடியாத ஒரு கேஸை எழுதுங்கள் என்ற இடத்தில், லோரி ஓட்டுநர் வந்த நாளைப் பற்றி யாரோ விவரமாக எழுதியிருந்தார்கள். டாக்டர் யாழினி எப்படி வேலை பிரித்தார், எலும்பில் ஊசி இறங்கும்போது கையில் எப்படி இருந்தது, நாடி வந்ததும் அறையில் யார் முதலில் மூச்சு விட்டார்கள் என்றெல்லாம். ஹக்கிம்தான் என்று எனக்குச் சந்தேகம். ஆரோக்கியம் சொன்னபடி நான் தேடவில்லை.

படிவத்தின் கடைசிக் கேள்வி, அப்போது உங்கள் பிரிவுத் தலைவர் என்ன செய்தார் என்பது. அதற்கு எழுதியிருந்த பதில் ஒரே வரி: அன்றைக்கு டாக்டர் ரெஜினா அறையில் இருந்தாரா என்று எனக்கு நினைவில்லை.

அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு, என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.